மரியாதை கொடுத்த மூன்று வாரங்கள்

முச்சனேத்தாவுக்கு வாய் நீளம். இதை ஊரில் யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஸ்வெனிக்கா வீட்டைப் பொறுத்தவரை அது அவளுடைய உத்தியோகம்.

அவள் அந்த வீட்டுக்குச் சாவிரா. அவளுக்கு முன்னால் அவளுடைய அப்பா, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. சாவிரா என்றால் ரத்த உறவு இல்லை, அதற்கும் ஒரு படி மேல். கேட்காமல் அடுக்களைக்குள் புகுந்து பானையைத் திறந்து பார்க்கலாம். உப்பு போதவில்லை என்று திட்டலாம். வீட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தரையில் உட்காரச் சொல்லலாம். சாவு விழுந்தால் போனவரின் துணியை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே நடந்து பேசி, அவருடைய வண்டவாளத்தையெல்லாம் சபை நடுவில் போட்டு உடைக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் வீட்டுக்காரருக்குத்தான் வெட்கக்கேடு. இதெல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. அவள் அவர்களுக்கு எப்படியோ, அவர்களும் அவளுக்கு அப்படியே.

முச்சனேத்தாவின் புருஷன் அவளை விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போன வருஷம், ஊரே வந்து உச்சுக் கொட்டியது. விவசாய ஆபீசரான ஸ்வெனிக்கா மட்டும் தன் அரசாங்க மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அவளுடைய சோளக் களஞ்சியத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. அந்தத் தீனிக்காரன் இருந்திருந்தா இது ஜனவரியைத் தாண்டாது. இனிமே மார்ச் வரைக்கும் வரும்" என்றார். பத்து நாளாக அழுதுகொண்டிருந்தவள் அன்றுதான் சிரித்தாள். சிரித்த கையோடு துடைப்பத்தை எடுத்து அவரை வாசல்வரை துரத்தினாள். அவர் போன பிறகு அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டாள்.

அந்த ஸ்வெனிக்காவுக்குத்தான் ஈரலில் புற்றுநோய் என்று நகரத்து டாக்டர் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை, அவருடைய மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு மாதம் இருந்தால் அதிகம், வீட்டுக்குக் கூட்டிப்போய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மூத்த மகன் கரிகாயின் பெயரை வைத்து ஸ்வெனிக்காவின் மனைவியைக் கரிகாயம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கரிகாயம்மா திரும்பி வருகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். அவருக்குத் தெரியக் கூடாது. வயிற்றில் புண், மழை பிடித்து விதைக்கிற நேரத்துக்குள் ஆறிவிடும். வீட்டில் எல்லோரும் இதையே சொல்ல வேண்டும். கரிகாய் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். அவனுக்கும் போனில் இதையே சொன்னாள்.

கிளினிக்கிலிருந்து செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் நர்ஸ் ஈவ்லின் வருவாள். வலிக்காக ஒரு தண்ணீர் மருந்து கொடுத்திருந்தாள், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. பாட்டிலில் மருந்தின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. படித்த மனுஷன், பெயரைப் பார்த்தால் விளங்கிக்கொள்வார் என்று கரிகாயம்மா பாட்டிலைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். பசி எடுப்பதற்கான டானிக் என்று சொல்லிக் கொடுத்தாள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் அவள் நினைத்தாள், பாவம்.

முச்சனேத்தா தினமும் வந்தாள். கடைத்தெருவில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவள் பிழைப்பு. மத்தியானம் மெஷினை மூடிவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாள். படுக்கையைத் தட்டிப் போடுவாள், அவரை இடது பக்கம் வலது பக்கம் திருப்பிப் படுக்கவைக்க உதவுவாள், அழுக்குத் துணியைத் துவைப்பாள். எல்லாம் செய்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. பானையைத் திறந்து பார்ப்பதில்லை. நாற்காலியில் உட்காருவதில்லை. அவருடைய குலம் சிங்கக் குலம். அடுத்தவர்கள் அவரை மரியாதையாக "சிங்கம்" என்று கூப்பிடுவார்கள். முச்சனேத்தா அந்தப் பேரைச் சொன்னால் கூடவே சேவலுக்குப் பயந்து அவர் கிணற்றுச் சுவரில் ஏறி நின்ற கதையும் வந்துவிடும். இப்போதோ கதவருகே நின்று, "சிங்கம், உடம்பு எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள். "தேவலை" என்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கேலி செய்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. சாவிரா சொல்வது பொய்யாக இருக்காது. எல்லோரும் சர்க்கரை தடவிப் பேசுகிற இடத்தில் உள்ளதைச் சொல்வதற்கென்றே ஏற்பட்டவள் அவள். அவள் வாயைத் திறந்தால் உண்மைதான் வரும், வந்துவிட்டால் திரும்பப் போகாது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, நர்ஸ் ஈவ்லின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கரிகாயம்மாவையும் முச்சனேத்தாவையும் அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"முக்கால் பாட்டில் அப்படியே இருக்கு. யாரு குடிக்கணும் இதை? நானா?"

"குடுக்கறேன் சிஸ்டர். சத்தியமா குடுக்கறேன்" என்றாள் கரிகாயம்மா. "அவருதான் சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் போதும்னு சொல்றாரு. சாப்பிடறதே ஒரு வேளை. பசியே இல்லாதவனுக்குப் பசி டானிக் எதுக்குன்னு கேக்கறாரு."

"பசி டானிக்கா?"

கரிகாயம்மா சொன்னாள். சீட்டைச் சுரண்டிய கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, அந்த மனுஷன் வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு" என்றாள் நர்ஸ். "சத்தம் போட்டா நீங்க பயந்துடுவீங்கன்னு சத்தம்கூடப் போடலை. மூணு வாரமா! மருந்து கையில இருக்கு, நோயாளி பக்கத்துல இருக்காரு, நடுவுல உங்க பொய்தான் நிக்குது."

கரிகாயம்மா முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் போய்ச் சொல்லிடுவேன். ஆனா நான் சொன்னா அது ஆஸ்பத்திரிப் பேச்சு. இந்த மாதிரி நேரத்துல பேசறதுக்குன்னே இந்த வீட்டுல ஒருத்தி இருக்கா இல்ல? அவளுக்கு என்ன, பல் வலியா?"

முச்சனேத்தா தரையைப் பார்த்தாள். கரிகாயம்மா அவளைப் பார்த்தாள்.

"நீ போய்ச் சொல்லுன்னு என் வாயால சொல்ல மாட்டேன், சாவிரா" என்றாள் கரிகாயம்மா. "ஆனா நீ உள்ள போனா, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஒரு தம்ளரில் மருந்தை அளந்து நர்ஸ் அவள் கையில் கொடுத்தாள். அடுக்களையிலிருந்து படுக்கையறைக்கு இருபது அடிதான். முச்சனேத்தா நடுவழியில் நின்றாள். என் அப்பா இருந்திருந்தால் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தாள். அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது, இந்த நேரத்துக்கு இருக்காமல் முன்னாடியே செத்துவிட்டாரே என்று.

ஸ்வெனிக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தாடை இறுகியிருந்தது.

"சிங்கம்..." என்று தொடங்கினாள். "இந்த மருந்தைக் கொஞ்சம்... எழுந்து உக்காரறீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"மறுபடியும் பாரு. 'உக்காரறீங்களா'வாம்!"

"என்னங்க?"

"மூணு வாரமா எனக்கு மரியாதை குடுக்கறே, முச்சனேத்தா. நாப்பத்தி நாலு வருஷமா குடுக்காத மரியாதை. அன்னிக்கு ஒரு நாள் கதவுகிட்ட நின்னு 'உடம்பு எப்படி இருக்குங்க'ன்னு கேட்டே பாரு. சரி, ஆள் காலின்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. டாக்டர் சொல்லலை, பொண்டாட்டி சொல்லலை. நீ வெச்ச 'ங்க'தான் சொல்லுச்சு."

முச்சனேத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் வாயும் தவறிவிடக் கூடாது என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் போட்டுக் கொடுத்தது அவளுடைய அடக்க ஒடுக்கம்.

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"இன்னொரு தடவை 'இருந்தீங்க'ன்னா தம்ளரைத் தூக்கி அடிப்பேன். நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், இவ எப்ப வந்து சொல்லுவான்னு. உங்க அப்பன் இருந்திருந்தா முதல் நாளே வந்து சவப்பெட்டிக்கு என்னை அளவெடுத்திருப்பான்."

அவளுக்குள் எதுவோ அறுந்து விழுந்தது. தம்ளரை முக்காலியில் டக்கென்று வைத்தாள். பக்கத்தில் கிடந்த அவருடைய நாற்காலியை இழுத்து, அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. சாகத்தான் போறே. போதுமா? ஈரல்ல புத்துநோய். இன்னும் ஒரு மாசமோ என்னமோ. விதைக்கற நேரத்துக்குள்ள எழுந்துடுவேன்னு சொன்னாங்களே, அது பொய். அதுக்காக நீ வருத்தப்படாதே. நீ எழுந்தாலும் ஒண்ணுதான், படுத்தாலும் ஒண்ணுதான், உன் காட்டுல என்னிக்காவது சோளம் வெளைஞ்சிருக்கா? ஊருக்கெல்லாம் விவசாயம் சொல்லிக் குடுத்த ஆபீசர், வீட்டுச் செலவுக்குச் சோளம் வாங்கினது என்கிட்ட."

அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலியா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இன்னும் கேளு" என்றாள். வேகம் பிடித்துக்கொண்டுவிட்டது. "இது பசி டானிக் இல்லை. வலி மருந்து. சீட்டைச் சுரண்டிட்டு உன் பொண்டாட்டி குடுத்தா, நீயும் நம்பிக் குடிச்சே. முப்பது வருஷம் ஊர் ஊராப் போய் என்னய்யா கத்தினே? 'சீட்டு ஒட்டாத பாட்டிலைத் தொடாதீங்க! படிக்காம எதையும் தெளிக்காதீங்க!' செடிக்கு ஒரு சட்டம், உன் வயித்துக்கு ஒரு சட்டமா?"

ஸ்வெனிக்கா சிரித்தார். சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டு வலித்தது, வலியில் முனகினார், முனகிக்கொண்டே மறுபடியும் சிரித்தார். அவள் அவர் தலையைத் தூக்கி மருந்தைக் குடிக்க வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் விசும்பல் சத்தம் கேட்டது.

"உள்ள வாடி" என்றார் ஸ்வெனிக்கா. "சீட்டுச் சுரண்டினவளே, உள்ள வா. நான் உன்னைத் திட்ட மாட்டேன். அதுக்குத்தான் ஆள் வந்தாச்சே."

கரிகாயம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் அவருடைய தாடை இளகியது. ஒரு மணி நேரத்தில் தூங்கினார். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் குறட்டை விடுவதை அவள் கேட்டாள். இந்தக் குறட்டைக்காக முப்பது வருஷம் சண்டை போட்டவள், அன்று கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முச்சனேத்தா அடுக்களைக்குப் போய்ப் பானையைத் திறந்து, கீரையில் உப்பு போதவில்லை என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு இருபத்தேழு நாள். அந்த வீட்டில் அவ்வளவு நல்ல நாட்கள் வந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது என்றே சொல்ல வேண்டும். மறைக்க எதுவும் இல்லாததால் எல்லோருக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து. மலச்சிக்கல் வராமலிருக்க இன்னொரு மருந்து. வாய் உலராமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தாள். அவர் தன் தகப்பனார் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது விலைக்கு வாங்கிக்கொண்ட அந்த மோட்டார் சைக்கிளைத் தங்கச்சி மகனுக்குக் கொடுக்கச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகப் பேசாத தம்பிக்கு ஆள் அனுப்பினார். தம்பி வந்தார், இரண்டு பேரும் எதற்காகப் பேசாமலிருந்தோம் என்று யோசித்து, ஆளுக்கொரு காரணம் சொல்லி, அதற்கு ஒரு சண்டை போட்டு, பிறகு ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

கரிகாய்க்கு அவரே போன் செய்தார். "நான் சாகப் போறேன்டா. லீவு போட்டுட்டு வா. வரும்போது நல்ல ரொட்டியா எடுத்துட்டு வா, மிச்சம் மீதியைக் கொண்டு வராதே" என்றார். அவன் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆறடி ஆள், அப்பாவின் எலும்புத் தோளைப் பார்த்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பேச்சு அவனுக்கு எப்போதுமே கம்மி. முச்சனேத்தா அவன் கையைப் பிடித்து அவர் முதுகுக்கு அடியில் வைத்தாள்.

"மாவு பிசையற கைதானே? அப்படியே மெதுவா. உடைஞ்சிட மாட்டாரு, கவலைப்படாதே. ஏற்கெனவே உடைஞ்ச ஆளுதான்."

"சரி அத்தை" என்றான் கரிகாய்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன்தான் அவரைத் தூக்கி வந்து வெயிலில் உட்காரவைத்தான். வேர்க்கடலை அரைத்துப் போட்ட கூழ் நாலு கரண்டி இறங்கும். ஸ்வெனிக்கா தன்னுடைய சாவில் என்ன பேச வேண்டும் என்று முச்சனேத்தாவுக்குப் பட்டியல் கொடுக்கப் பார்த்தார். "நான் நேர்மையா இருந்தேன்னு சொல்லு. லஞ்சமே வாங்கினதில்லைன்னு சொல்லு."

"லஞ்சம் யாரு குடுத்தா உனக்கு? குடுத்துப் பாத்து வேண்டாம்னிருந்தா சொல்லலாம்."

"சேவல் கதையை மட்டும் விட்டுடு."

"அதுலதான் ஆரம்பிக்கப் போறேன்."

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போனார். கரிகாய் தலைமாட்டில், முச்சனேத்தா கால்மாட்டில். கரிகாயம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆடு தங்கள் கீரைப் பாத்தியில் புகுந்ததைப் பற்றிக் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு நின்ற பிறகும் அவள் இரண்டு வாக்கியம் பேசினாள். பிறகு நிறுத்தினாள். "கேட்டுக்கிட்டேதான் போனாரு" என்று முச்சனேத்தா சொன்னாள். அது சமாதானத்துக்குச் சொன்னது இல்லை, அவள் பார்த்ததுதான்.

மறுநாள் மத்தியானம் அடக்கம். முற்றம் நிறையக் கூட்டம். கரிகாயம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய காக்கிச் சட்டையையும் தொப்பியையும் எடுத்து முச்சனேத்தாவிடம் நீட்டினாள். முச்சனேத்தா அவற்றை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. "டுர்ர்ர்... டுக். டுர்ர்ர்... டுக்." தொப்பியைக் காது வரை இறக்கி, துடைப்பத்தைக் கவட்டில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து முச்சனேத்தா முற்றத்துக்குள் வந்தாள். முதல் வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். அவள் இறங்கி, இடுப்பில் கை வைத்து, கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு இப்படி உங்களை நட்டது?" என்றாள், அசல் ஸ்வெனிக்காவின் மூக்குக் குரலில். "வரிசைக்கு வரிசை தொண்ணூறு சென்டிமீட்டர்னு எத்தனை தடவை சொல்றது? இப்படி நெருக்கி நட்டா ஒண்ணாவது காய்க்குமா? பாஸ்டர், நீங்க கொஞ்சம் தள்ளி முளைங்க. நீ ஏம்மா மூணு பேர் இடத்துல உக்காந்திருக்கே, பூசணியா?"

துடைப்பத்தால் இடைவெளியை அளந்து அளந்து, பாஸ்டரையும் பெரியப்பாக்களையும் பெயர்த்து நட்டாள். சேவல் கதை வந்தது. சீட்டில்லாத பாட்டில் கதை வந்தது. அவருடைய தம்பி சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்தார். கரிகாயம்மா முதலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், சிரிப்பு அழுகையானது, அழுகை மறுபடி சிரிப்பானது. பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணீர் வற்ற அழுது, வயிறு வலிக்கச் சிரித்து, கூட்டம் அவரைக் கொண்டுபோய் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தது.

மண் மூடியாயிற்று. எல்லோரும் சட்ஸா என்கிற சோளக் களியும் மாட்டுக் கறியும் முட்டைக்கோஸும் வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முச்சனேத்தா அடுக்களைக்குப் பின்னால் வந்து, கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். அன்றைய வேலை முடிந்திருந்தது. சிரிக்க வைக்க இனி யாரும் பாக்கி இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வீட்டில் நாளைக்கு ஒரு துக்கம் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி அவளை வம்புக்கு இழுக்க ஆள் கிடையாது. ஊரில் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டு மாதத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் உடைந்து அழுதாள். காக்கிச் சட்டையின் முனையைத் தூக்கி முகத்தை அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். கரிகாய். தொண்டையைச் செருமினான். மறுபடி செருமினான்.

"அந்தச் சட்டையில மூக்கைச் சிந்தாதே" என்றான். "அது அரசாங்கச் சொத்து."

முச்சனேத்தா நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய நெற்றி வியர்த்திருந்தது. தான் சொன்னதைக் கேட்டு அவனே மிரண்டு போய் நின்றான். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"இருக்கற மூஞ்சியே சுமார்" என்று தட்டுத் தடுமாறிச் சேர்த்துக்கொண்டான். "அழுதா பாக்கவே முடியலை. உன் சாவுக்கு நான்தானே பேசணும், இதையெல்லாம் குறிச்சு வெச்சுக்கறேன்."

அவள் தொட்டியிலிருந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவன் மேல் வீசினாள்.

"ரொட்டி சுடறவனே! நீ பேசினா பொணமே தூங்கிடும்டா!"

அவன் நனைந்த சட்டையோடு சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் குந்தினான். அவளுக்கு இன்னும் அழுகை நிற்கவில்லை. ஆனால் பசித்தது. போய்த் தனக்கு ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டு வரச் சொல்லி அவனை விரட்டினாள், அவன் எழுந்து போனான்.